கெயங்கா கேட்டவள்

பேத்தை மீனை என் எதிரில் யாரும் திட்டக் கூடாது. அந்த உரிமையை எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். அடையாறு கடலில் சேருமிடத்தில் நின்று அதைத் திட்டித் திட்டியே ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் ஒன்று முழுவதையும் கழித்தவன் நான்.

பேத்தையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். சாணளவு மீன். மண்டை பெரியது, வால் சிறியது, முன்வாயில் கிளி மூக்கு மாதிரி பல். விஷம் என்பதால் யாரும் தின்பதில்லை, காக்கைகூட யோசிக்கும். கரையில் இழுத்துப் போட்டால் வயிற்றை உப்பிக்கொண்டு பூரி மாதிரி கிடக்கும், பல்லை வேறு நறநறவென்று கடிக்கும். இதெல்லாம் அகப்பட்டால்தான். பாதி நேரம் அகப்படவே அகப்படாது. இரையையும் தூண்டில் முள்ளையும் கயிற்றின் நுனியையும் நறுக்கி எடுத்துக்கொண்டு போய்விடும்.

எனக்கு வேண்டியது பேத்தை அல்ல, கிழங்கான். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே, மணல் நிறத்தில், கூர்மூக்குடன் இருக்கும் சாதுவான மீன். மழைக்காலக் கலங்கல் அடங்கி, மாசி மாத வெயில் ஏறுவதற்குள் முகத்துவாரத்துத் தண்ணீர் தெளிந்து நிற்கும். அப்போது அது மணலை மோந்துகொண்டே கரையோரம் வரும். சின்ன முள், பொடி இறாலின் வால், பட்டாணி அளவு ஈயக்குண்டு. கயிற்றை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அது கடிக்கிறதா, யோசிக்கிறதா என்று விரலுக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். சாந்தோமில் கிழங்கான் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் சொல்லட்டும் என்று இருந்தால் ஆயுசு போதாது.

கிழங்கான் என்று எழுதுவதோடு சரி. பட்டணத்தில் அந்தப் பெயரை முழுதாகச் சொல்லிக் கேட்டதே இல்லை. கூடைக்காரி தெருமுனையிலேயே “கெயங்கா, கெயங்கா” என்றுதான் கூவுவாள். நான் தேவாலயத்துப் பங்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். ழகரத்தை யகரமாக்கும் ஊரில் ழகரம் சொல்லித்தந்து சம்பளம் வாங்குகிறவன். என் மனைவியோ நான் திருத்தத் திருத்த வேண்டுமென்றே ‘வாயப்பயம்’ என்பாள், என் முகம் போகும் போக்கைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் சிரிக்கிறாளே என்பதற்காகவே நான் திருத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. எழும்பூரில் ரயிலேற இடமில்லை. என் வீட்டார் செங்கல்பட்டுக்குப் போனார்கள், அவள் வீட்டார் அவர்களுக்கும் முன்னால். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். எங்களால் மட்டும் போக முடியவில்லை. அவள் டைபாய்டு ஜுரத்தில் கிடந்தாள். அவளை ரயிலில் ஏற்றினால் செங்கல்பட்டு போய்ச் சேரமாட்டாள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஜுரம் ஒருவழியாக இறங்கியது. நான் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். ஆனால் அவள் சாப்பிட மறுத்தாள். பார்லிக் கஞ்சியை உதட்டருகே கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். பாலும் அப்படியே. சாத்துக்குடிச் சாறு வாய்க்குள் போய் வாயோரமாகத் திரும்பி வந்தது. மணிக்கட்டில் வளையல் நிற்கவில்லை, கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

டாக்டர் ஒருநாள் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். “இனிமே என் மருந்துல ஒண்ணுமில்ல சார். சாப்பிட்டா எழுந்துப்பாங்க. இப்படியே வாயை மூடிக்கிட்டு இருந்தா…” என்று இழுத்துவிட்டுப் பையை மூடினார். “எதுல ஆசைன்னு கேளுங்க. மெத்துன்னு இருக்கணும், நார் ஆகாது, காரம் ஆகாது.”

நான் உள்ளே போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தேன். பல நாளாக என் இடம் அதுதான். அவள் மூச்சு விடுவதைப் பார்ப்பேன், அவள் கண் திறந்தால் கரண்டியை நீட்டுவேன், அவள் கண்ணை மூடினால் பயப்படுவேன். அன்றைக்கு அவள் காதருகே குனிந்து கேட்டேன்.

“எதுனா வாய்க்குப் புடிச்சதா சொல்லு. எங்க இருந்தாலும் கொண்டாந்துடறேன்.”

அவள் மெல்லக் கண் திறந்தாள். பிறகு உதடு அசைந்தது. “கெயங்கா…” என்றாள். அதற்குமேல் ஏதோ சொன்னாள், அது இருமலில் போய்விட்டது. கடைசியில் “…குடுங்க” என்று கேட்டது.

அவள் வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டாள்! எனக்குப் பறக்காத குறை. அதுவும் எதைக் கேட்டாள்? உலகத்தில் எந்த மீனைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரனோ அந்த மீனை. ஓடிப்போய்த் தெருமுனையிலேயே டாக்டரைப் பிடித்து, கிழங்கான் கொடுக்கலாமா என்று கேட்டேன். “தாராளமா. முள்ளை எடுத்துட்டுக் குடுங்க,” என்றார்.

கடையில் வாங்கலாமே என்றால் கடை எங்கே இருக்கிறது? கூடைக்காரியும் ஊரைவிட்டுப் போயிருந்தாள். கட்டுமரங்கள் பாதி கரையேறிக் கிடந்தன. கிடைத்த நாலு மீனையும் பட்டாளத்துக்குச் சமைப்பவர்கள் கரையிலேயே வாங்கிக்கொண்டு போனார்கள். அதனால் என்ன, நான் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாளை அவளோடு கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிவிட்டு, விடிந்ததும் தூண்டிலோடு தெற்கே நடந்தேன்.

முகத்துவாரத்தில் எனக்கு முன்னாலேயே வளையல்கடை பாய் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருமுனையில் கடை. குடும்பத்தை ஆற்காட்டுக்கு அனுப்பிவிட்டு, கண்ணாடிச் சரக்கை விட்டுப் போக மனமில்லாமல் தனியாக இருந்தார். வளையல் வாங்கப் பெண்கள் இல்லாத பட்டணத்தில் அவருக்குத் தூண்டில் போடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. மீன் பிடிப்பதில் என்னைவிட மட்டம். பேச்சில் என்னைவிடக் கெட்டி.

முதல் இறாலைக் கட்டி இறக்கினேன். விரலில் கயிறு நிற்பதற்குள் வெடுக்கென்று ஒரு இழுப்பு. கிழங்கான் அப்படி இழுக்காது. தூக்கினால் கயிறு மட்டும் வந்தது, நுனியைக் கத்தரியால் வெட்டினது போல. அடுத்த முள்ளும் அப்படியே போயிற்று. மூன்றாவதில் பேத்தையே வந்தது. மேலே வந்ததும் உப்பிக்கொண்டு என்னை முறைத்தது.

“இன்னா வாத்தியாரே, பேத்தைக்குப் பாடம் நடத்தறியா?” என்றார் பாய். “இந்த வருசம் அதுங்க ராஜ்யம்தான். கெயங்கா மூஞ்சியே காட்டலை.”

“காட்டும். காட்ட வைக்கிறேன் பாருங்க.”

“காட்ட வெய்யி. அதுக்குள்ள முள்ளு தீந்துடும்.”

அவர் சொன்னது வேடிக்கை இல்லை. நல்ல முள் சீமையிலிருந்து வரவேண்டும், சண்டை வந்ததிலிருந்து வரவில்லை. இங்கே கொல்லன் அடித்துக் கொடுப்பது ஒரு இழுப்புக்கே நிமிர்ந்துவிடும். என் டப்பாவில் இருந்த முட்களை நான் எண்ணத் துணியவில்லை.

வெறுங்கையோடு வீடு திரும்பினேன். எனக்கு வந்த கோபத்தில் பேத்தையின் பரம்பரையையே திட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“எங்க போயிருந்தீங்க? கையெல்லாம் மண்ணு.”

“நீ கேட்டியே, கெழங்கா. அதுக்குத்தான். ஒண்ணும் மாட்டலை. பேத்தை விட்டாத்தானே?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஜுரக் களைப்பில் விழித்த விழிப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு மெல்ல, “இன்னா பண்ணுச்சு பேத்தை?” என்றாள்.

சொன்னேன். கரண்டியில் கஞ்சியை எடுத்துக்கொண்டே சொன்னேன். அது எப்படி உப்பியது, எப்படிப் பல்லைக் கடித்தது, அதை விட்டுவிட்ட மறுகணமே அதன் அண்ணன் எப்படி வந்து கடித்தான் என்றெல்லாம். எங்கள் கோயில் பாட்டுக்குழுவில் ஒருவர் உச்சஸ்தாயிக்குப் போகுமுன் கன்னத்தை உப்பிக்கொள்வார், அச்சாக அவர் முகம்தான் என்றேன். அவள் உதடு ஓரத்தில் கோணிற்று. அதில் கரண்டி நுழைந்தது. கஞ்சி உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

மறுநாள் மயிலாப்பூரில் வீணை பழுதுபார்க்கும் கடைக்குப் போய் அறுந்த தந்தித் துண்டு ஒன்றை வாங்கி வந்து அவளிடமும் காட்டினேன். முள்ளுக்கு மேலே கயிற்றுக்குப் பதில் தந்தியைக் கட்டிவிட்டால் எந்தப் பேத்தை நறுக்கும்? இதை யோசித்ததற்கு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். யோசனை பலித்தது. ஒரு முள்கூடப் போகவில்லை. ஆனால் கிழங்கானுக்குக் கூச்சம் அதிகம், விறைத்து நிற்கும் கம்பியைக் கண்டால் கிட்டே வராது. ஆகவே பேத்தைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, முழுசு முழுசாகக் கரையேறின. அவற்றில் ஒன்றுக்கு மேலுதடு கிழிந்திருந்தது. அதைத் தூர எறிந்தேன். சற்றைக்கெல்லாம் தூக்கினால் அதே கிழிந்த உதடு. இன்னும் தூர எறிந்தேன். மறுபடியும் அதுவே வந்தது.

“அது உன்னாண்ட தமிழ் கத்துக்க வருது நைனா,” என்றார் பாய். “சேத்துக்கோ.”

அன்று சாயங்காலம் நான் சொல்ல ஆரம்பிக்குமுன் அவளே கேட்டாள். தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னாள்.

“வீணைத் தந்தியிலயா புட்ச்சீங்க?”

“ஆமா.”

“பாட்டு எதுனா பாடுச்சா?”

“பல்லைத்தான் கடிச்சுது.”

அவள் சிரித்தாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. உடனே உதடு கிழிந்தவனின் கதையை எடுத்தேன், கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவள் “அப்பால?” என்றாள். ஒரு கரண்டி. “அப்பால இன்னா ஆச்சு?” இன்னொரு கரண்டி. கிண்ணத்தின் அடி தெரிந்தபோதுதான் கதையை முடித்தேன். ஜுரம் விட்ட வயிறு, பசிக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் தினம் போனேன். இடத்தை மாற்றினேன். சில நாள் தந்தியை அவிழ்த்துவிட்டு வெறும் கயிற்றில் போட்டேன், சீமை முட்கள் ஒவ்வொன்றாகப் போயின. இறாலை விட்டு மண்புழு போட்டேன், பேத்தை அதையும் தின்றது. ஈயக்குண்டைப் பெரிதாக்கி அடிமணலோடு இழுத்துப் பார்த்தேன், பேத்தை அடிமணலுக்கும் வந்தது. ஒருநாள் கடற்கரைக் காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன், நான் கயிற்றை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்துவதைக் கண்டு, ஜப்பான்காரனுக்குச் சைகை செய்கிறேனோ என்று ஓடி வந்தான். அந்த நேரம் பார்த்து உதடு கிழிந்தவன் கரையேறி, சிப்பாயின் பூட்ஸ் காலடியில் உப்பிக்கொண்டு கிடந்தான். சிப்பாய் குனிந்து பார்த்தான், என்னைப் பார்த்தான், வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

வீட்டில் அவள் இப்போது உட்கார்ந்தே கேட்டாள். “இன்னிக்கு ஒதடு கிய்ஞ்சவன் வந்தானா?” என்பதுதான் நான் செருப்பைக் கழற்றும்போதே வரும் கேள்வி. கஞ்சி போய்க் குழைந்த சோறு வந்தது. ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. வாய் திறந்து ஒன்றே ஒன்றைக் கேட்டாள், அதைக் கொடுக்க முடியவில்லை. இந்த ஊரில் இதைச் செய்யத் தெரிந்தவன் நான்தான் என்று இத்தனை வருஷம் மார்தட்டியவனுக்கு, படுக்கையில் கிடக்கும் மனைவிக்கு நாலு மீன் கொண்டுவர வக்கில்லையா? டப்பாவில் சீமை முள் ஒன்றுதான் மிச்சம்.

வழி சொன்னது பாய்தான். நாங்கள் அதற்கு முன்னால் நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டோம். தூண்டிலை விட்டு வலை போடு என்றார் அவர், வலையெல்லாம் வாத்தியார் வேலையில்லை என்றேன் நான். “அப்ப ஒண்ணு செய்யி,” என்றார். “கல்யாண வூட்ல வேணாத ஆளு வந்தா இன்னா பண்ணுவே? மொதப் பந்தியில குந்த வெச்சு எலையைப் போட்டு அனுப்பிடுவே இல்ல? இதுக்கும் பந்தி வெய்யி.”

எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கோபம்தான் முதலில் வந்தது. மறுநாள் விடிகாலை பாய் ஒரு பானை நிறைய இறால் தலையும் மீன் குடலும் கொண்டுவந்தார். நாற்றம் தாங்காமல், எங்கே வாங்கினார் என்றுகூட நான் கேட்கவில்லை. அவர் ஆற்றுப் பக்கமாகப் போய், கடல் ஏறி வரும் நீரில் கைப்பிடி கைப்பிடியாக வீசினார். தண்ணீர் அங்கே கொதித்தது. ஊர்ப் பேத்தையெல்லாம் அந்தப் பந்தியில்தான். நான் இந்தக் கோடியில், அலை மணலைத் தொட்டுத் திரும்பும் இடத்தில், வீணைத் தந்தியை அவிழ்த்தெறிந்துவிட்டு வெறும் கயிற்றில் கடைசி முள்ளைக் கட்டிப் போட்டேன்.

விரலில் ஒரு தட்டு. நின்றது. இன்னொரு தட்டு. அது யோசிக்கிறது என்று விரல் சொன்னது. நானும் பொறுத்தேன். பிறகு மெல்ல இழுத்துக்கொண்டு நகர்ந்தது. தூக்கினேன். வெயிலில் வெள்ளிக்காசு மாதிரி துடித்துக்கொண்டு வந்தது கிழங்கான். நான் போட்ட கூச்சலில் பாய் பானையைக் கீழே போட்டார். அதற்குப் பிறகு விரலுக்கு ஓய்வில்லை. வெயில் ஏறுவதற்குள் துண்டில் ஒரு சமையலுக்கு வேண்டிய மீன் சேர்ந்துவிட்டது. கடைசி முள்ளும் கயிற்றிலேயே இருந்தது. வீட்டுக்கு நான் நடந்து வந்த நடையை யாராவது பார்த்திருந்தால் ஜப்பான்காரனைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நானே கழுவி, மஞ்சளும் உப்பும் பூண்டும் போட்டு வேகவைத்தேன். முள்ளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எடுத்தேன். வெள்ளை வெளேரென்று தட்டில் வைத்து அவள் முன்னால் நீட்டினேன்.

“இந்தா. நீ கேட்டது.”

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சத்தமாக, பழைய சிரிப்பு. நான் தட்டோடு நின்றேன்.

“நான் கேட்டது இது இல்லிங்க.”

“இன்னா இல்ல?”

“கெயங்கு. சக்கரவள்ளிக் கெயங்கு. ‘கெயங்காச்சும் குடுங்க’ன்னேன். சுட்டு உப்பு தொட்டுத் துன்னலாம்னு ஆசையா இருந்துச்சு.” கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “ழானா சொல்லித்தர்ற வாத்தியாரு! காதுல வுயுந்தது பாதி, கடலுக்குப் போயிட்டாரு.”

கிழங்கு! டாக்டர் நார் ஆகாது என்று சொல்லியிருந்ததால், ஒழுங்காகக் கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் அந்த நேரம் அது எனக்குத் தோன்றவில்லை. விடியலிலிருந்து வெயில்வரை நின்ற காலும், கயிறு அறுத்த விரலும், போன சீமை முட்களும்தான் நினைவுக்கு வந்தன.

“மொத நாளே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“பின்ன ஏன் சொல்லல?”

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். தட்டை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? திரும்பவும் தலைமாட்டுல குந்திகினு என் மூஞ்சியையே பார்த்துகினு இருந்திருப்பீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்தாலே நான் செத்துட்டேன்னு தோணும். எப்டி வாய் தெறக்கும்? அன்னிக்குப் பேத்தையைத் திட்டிகினு உள்ள வந்தீங்க பாருங்க, அப்பத்தான் நான் பொயச்சுக்குவேன்னு தோணுச்சு.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள், மென்றாள், தலையை ஆட்டினாள். “உப்பு கம்மி,” என்றாள். இன்னொரு விள்ளல் எடுத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“சரி, சொல்லுங்க. இன்னிக்கு ஒதடு கிய்ஞ்சவன் வந்தானா?”

“வரலை. ஒரு பேத்தைகூடக் கடிக்கலை. பாய் எல்லாத்துக்கும் பந்தி வெச்சு அனுப்பிட்டாரு,” என்றேன் பெருமையாக.

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. முகம் வாடியது.

“அப்ப நாளைக்கு பாயைக் கூட்டிகினு போவாதீங்க,” என்றாள்.

கூட்டிக்கொண்டு போகவில்லை. மறுநாள் விடிந்ததும் தனியாகப் போய், பேத்தை கடிக்கும் இடமாகப் பார்த்து, என் கடைசிச் சீமை முள்ளைப் போட்டேன்.